பாஸ்புக்கில் பிடித்த 20 ரூபாய், 436 ரூபாய்: வாரிசுகள் கவனிக்க வேண்டியவை

வீட்டில் ஒருவர் இறந்துவிட்டால், காரியம் முடிந்த கையோடு அவருடைய பாஸ்புக்கை வங்கியில் கொடுத்துப் பதிவு போட்டு வாங்குங்கள். மே மாதக் கடைசி வாக்கில் 20 ரூபாயோ 436 ரூபாயோ பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். அது அரசுக் காப்பீட்டுத் திட்டங்களுக்கான ஆண்டு பிரீமியம். கணக்கு தொடங்கும்போது கையெழுத்துப் போட்ட படிவங்களில் இந்தக் காப்பீடும் ஒன்றாக இருந்திருக்கும், போட்டவருக்கே நினைவிருக்காது. வாரிசு கேட்டு எழுதிக் கொடுத்தால்தான் பணம் வரும்.

20 ரூபாய் என்பது பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம். 18 முதல் 70 வயது வரை. விபத்தில் இறந்தால் 2 லட்சம் ரூபாய். இரண்டு கண், இரண்டு கை அல்லது இரண்டு கால் நிரந்தரமாகப் போனாலும் அதே தொகை. ஒரு கண்ணோ, ஒரு கையோ, ஒரு காலோ போனால் 1 லட்சம். மாரடைப்பு, நோய், தற்கொலைக்கு இதில் பணம் கிடையாது.

436 ரூபாய் ஜீவன் ஜோதி பீமா திட்டம். 18 முதல் 50 வயதுக்குள் சேர வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பித்தால் 55 வயது வரை ஓடும். எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். இரண்டிலும் இருந்தவர் விபத்தில் இறந்தால் 4 லட்சம் கேட்கலாம். ஆனால் ஒரே திட்டத்தில் மூன்று வங்கிகளில் சேர்ந்திருந்தாலும் 2 லட்சம்தான்.

இரண்டுக்கும் காப்பீட்டு ஆண்டு ஜூன் 1 முதல் மே 31 வரை. பணம் பிடிக்கும் நாளில் கணக்கில் இருப்பு இல்லாவிட்டால் காப்பீடு அங்கேயே நின்றுவிடும். பிறகு மீண்டும் சேரலாம். ஆனால் ஜீவன் ஜோதியில் புதிதாகச் சேர்ந்தாலும் விட்டுச் சேர்ந்தாலும் முதல் 30 நாளுக்குள் நோயால் இறந்தால் பணம் இல்லை. விபத்து மரணத்துக்கு மட்டும் இந்த 30 நாள் நிபந்தனை கிடையாது. 20 ரூபாய் இல்லாமல் 2 லட்சம் கைநழுவுவது கொடுமை. மே மாதம் முழுக்கக் கணக்கில் 500 ரூபாயாவது விட்டு வையுங்கள்.

விபத்து க்ளைம் பெரும்பாலும் சிக்குவது காகிதத்தில்தான். சாலை விபத்து என்றால் எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ் மூன்றும் வேண்டும். பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுதல் போன்றவற்றுக்கு உடனே சேர்த்த மருத்துவமனையின் பதிவே முக்கியச் சான்று. நாட்டு வைத்தியம் பார்த்துவிட்டு வீட்டிலேயே உயிர் போய், அப்படியே அடக்கமும் செய்துவிட்டால், விபத்து என்று நிரூபிக்க எதுவும் மிஞ்சாது. உயிரைக் காப்பாற்றவும் முதலில் மருத்துவமனைதான் போக வேண்டும். அங்கே ஏ.ஆர். காப்பியில் (விபத்துப் பதிவேட்டின் நகல்) 'பாம்பு கடித்தது', 'பனையிலிருந்து விழுந்தார்' என்று காரணம் தெளிவாக எழுதியிருக்கிறதா என்று அப்போதே படித்துப் பாருங்கள். 'மயக்க நிலையில் வந்தார்' என்று மட்டும் இருந்தால் பின்னால் திண்டாட்டம்தான்.

கணக்கு இருந்த அதே கிளையில் (அஞ்சலகக் கணக்கானால் அஞ்சலகத்தில்) க்ளைம் படிவம் கொடுக்க வேண்டும். 30 நாளுக்குள் கொடுத்துவிடுவது நல்லது. கூடவே நாமினியின் ஆதார், அவருடைய பாஸ்புக் முதல் பக்கம் அல்லது ரத்து செய்த காசோலை. நாமினி பெயரே இல்லையென்றால் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழுக்கு அலைய வேண்டிவரும். படிவம் ஜன் சுரக்ஷா இணையதளத்தில் தமிழிலும் கிடைக்கிறது. இரண்டு நகல் எடுத்துப் போங்கள். ஒன்றில் தேதியோடு வங்கி முத்திரை வாங்கிக்கொள்ளாமல் கிளையை விட்டு வெளியே வராதீர்கள்.