அடி ஏன் பலித்ததுபோலத் தெரிகிறது?

மூன்று வயதுக் குழந்தை செல்போன் கேட்டுத் தரையில் புரண்டு அழுகிறது. அப்பா முதுகில் ஒன்று வைக்கிறார். அலறல் விம்மலாகி அடங்குகிறது. 'அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்' என்று பெரியவர்கள் சொல்வது சரிதான் போலிருக்கிறது என்று வீடே நினைக்கிறது.

அந்த ஒரு நிமிடத்தில் நன்றாகப் பாடம் படித்தவர் அப்பா. அடித்தால் சத்தம் நிற்கும் என்று தெரிந்துகொண்டார். அடுத்த முறை கை இன்னும் சீக்கிரம் ஓங்கும். குழந்தைக்கோ அடி பழகிவிடும். அதே பலன் கிடைக்கப் போகப்போக இன்னும் பலமாக அடிக்க வேண்டிவரும். ஒருவரை ஒருவர் இப்படி ஏற்றிவிடும் சுழலை அமெரிக்க உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன் 1982இலேயே விரிவாக விளக்கிவிட்டார். குழந்தை தெரிந்துகொள்வது வேறு: அப்பா இருக்கும்போது கேட்கக் கூடாது, பாட்டியிடம் கேட்கலாம். பள்ளி செல்லும் வயதில் இதுவே பொய்யாகவும் ஒளித்துவைப்பதாகவும் வளர்கிறது.

அமெரிக்க ஆய்வாளர்கள் எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ குரோகன்-கேலர் இருவரும் 2016இல், சுமார் 1,60,000 குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அடி வாங்கும் குழந்தைகளிடம் முரட்டுத்தனமும் மனநலச் சிக்கலும் கூடுதலாகவே தெரிந்தன. தொடர்பின் அளவு பெரிதல்ல, உண்மைதான். ஆனால் அடியால் நடத்தை நிலையாகத் திருந்தியதற்கு அதில் சான்று கிடைக்கவில்லை. ஸ்வீடன் 1979இலேயே வீட்டில் அடிப்பதையும் சட்டத்தால் தடுத்தது. நம் நாட்டில் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பள்ளியில் உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது.

உடலுக்கு நேரும் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். கன்னத்தில் விடும் அறை காதில் பட்டால் செவிப்பறை கிழியலாம். கைக்குழந்தையின் அழுகையை நிறுத்தத் தோளைப் பிடித்து வேகமாகக் குலுக்கினால் மூளையில் ரத்தக்கசிவு ஏற்படலாம், உயிரே போகலாம். பொறுக்க முடியாத கட்டத்தில் குழந்தையைப் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு ஐந்து நிமிடம் தள்ளி நில்லுங்கள். அழுதுகொண்டே கிடந்தாலும் பரவாயில்லை.

சரி, அடிக்காமல் அடத்தை எப்படிக் கையாள்வது? அடம் எப்படி வளர்கிறது என்று முதலில் பார்ப்போம். ஒன்றரை முதல் நான்கு வயதுவரை ஆசை பெரிது, சொல்லத் தெரிந்த வார்த்தை குறைவு, ஆத்திரத்தை அடக்கும் மூளைப் பகுதி இன்னும் முதிரவில்லை. அதனால் அழுது புரள்வது அந்த வயதின் இயல்பு. அதைப் பழக்கமாக்குவது வீடுதான். நான்கு முறை 'கிடையாது' என்று சொல்லி, ஐந்தாம் முறை 'சரி, தொலை' என்று போனை நீட்டினால், ஐந்து முறை அழ வேண்டும் என்பதே குழந்தைக்குக் கிடைக்கும் கணக்கு. எப்போதும் கொடுக்கும் வீட்டைவிட எப்போதாவது கொடுக்கும் வீட்டில் அடம் நீங்குவது கடினம். அம்மா மறுத்ததைத் தாத்தா கொடுத்தாலும் இதே கதைதான். எனவே குழந்தை தூங்கிய பிறகு பெரியவர்கள் எல்லோரும் உட்கார்ந்து, போன் எப்போது, எவ்வளவு நேரம் என்று ஒரே முடிவுக்கு வாருங்கள். இரண்டு முதல் நான்கு வயதுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்பது 2019இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன வரம்பு.

முடிவு செய்தபின், அடத்தைக் கண்டுகொள்ளாதீர்கள். திட்டவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். பக்கத்திலேயே உங்கள் வேலையைப் பாருங்கள். முதல் சில நாட்கள் அழுகை கூடும். பெரும்பாலான வீடுகள் தோற்பது இங்கேதான்: 'இது நம்ம பிள்ளைக்குச் சரிவராது' என்று விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். கூடிய அழுகைக்குப் பலன் கிடைத்துவிட்டதால், அடுத்த முறை அந்த உச்சத்திலிருந்தே தொடங்கும். இழுத்துப் பிடித்தால் தணியும். அழுகை நின்றதுமே அருகில் போய், 'நீயே அழுகையை நிறுத்திட்டியே, வா, கட்டை அடுக்கலாம்' என்று அணையுங்கள். கடிப்பது, அடிப்பது, சாலைக்கு ஓடுவது ஆகியவற்றை மட்டும் கண்டுகொள்ளாமல் விடக் கூடாது, உடனே தடுங்கள்.

மூன்று வயதுக்கு மேல், அடித்தால் கடித்தால் தனியாக உட்காரவைக்கலாம். வயதுக்கு ஒரு நிமிடம் போதும். உங்கள் கண்ணில் படும் இடமாக, விளையாட ஏதும் இல்லாத மூலையாக இருக்கட்டும். குளியலறை, இருட்டறை, பூட்டிய கதவு கூடவே கூடாது. முடிந்ததும் உபதேசம் வேண்டாம்.

சொல்லும் விதமும் முக்கியம். அடுக்களையிலிருந்து கத்தாமல் பக்கத்தில் போய்க் குனிந்து, பெயர் சொல்லி, ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள். 'ஓடாதே' என்பதைவிட 'என் கையைப் பிடிச்சு நட' என்பது சின்னக் குழந்தைக்கு எளிதில் புரியும். சொல்லிவிட்டு ஐந்து விநாடி பொறுங்கள். செய்தால் அந்த நொடியே, என்ன செய்தது என்று சொல்லிப் பாராட்டுங்கள்: 'சொன்னதும் செருப்பை எடுத்து வச்சிட்டியே!' 'சமத்து' என்று பொதுவாகச் சொன்னால் எதற்கு என்று தெரியாது.

பூச்சாண்டி, போலீஸ், 'டாக்டர் ஊசி போட்டுடுவார்' என்ற மிரட்டல்களை விட்டுவிடுங்கள். காய்ச்சல் வரும் நாளில் அதே டாக்டரிடம்தான் போயாக வேண்டும்.

தினமும் பத்து நிமிடம், போனைத் தள்ளிவைத்துவிட்டு, குழந்தை தேர்ந்தெடுக்கும் விளையாட்டை அது சொல்கிறபடி ஆடுங்கள். கேள்வி, திருத்தம், பாடம் எதுவும் வேண்டாம். திட்டு வாங்கினால்தான் அம்மா திரும்பிப் பார்ப்பாள் என்றிருக்கும் குழந்தை, பாதிக் குறும்பை அந்தப் பார்வைக்காகவே செய்கிறது. கண்டிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு இந்தப் பத்து நிமிடத்தை விட்டால் மேலே சொன்ன எதுவும் நிற்காது.

எல்லா அடமும் வளர்ப்பால் வருவதில்லை. கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று முதலில் சோதியுங்கள். மூன்று, நான்கு வயதில் பத்து மணி நேரத்துக்குக் குறைந்த தூக்கமும் சிடுசிடுப்பைத் தரும். பேச்சு தாமதம், கண் பார்த்துப் பழகாமை, அடிக்கடி அரை மணி நேரத்தைத் தாண்டும் அழுகை, தன்னையே காயப்படுத்திக்கொள்வது ஆகியவை இருந்தால் குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே கண்டறிய அரசு மருத்துவமனைகளில் உள்ள மாவட்ட இடையீட்டு சேவை மையங்களில் இந்தச் சோதனைகளைக் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம்.