தொட்டது ஒன்று, நிறம் மாறியது வேறொன்று

ஒரு ஆப்பைப் பயனர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டியலில் ஒவ்வொரு வரியும் ஒரு கார்டு. கார்டைத் தொட்டால் விவரம் திறக்கும். ஓரத்தில் இருக்கும் குப்பைத்தொட்டி ஐகானைத் தொட்டால் அந்த வரி நீங்கும். அவர் ஐகான் மேல்தான் விரலை வைத்தார். கார்டு முழுக்கச் சாம்பல் நிறமானது. சட்டென்று விரலை இழுத்துக்கொண்டார். மூன்று முறையும் இதே கதை. "வேற எதையோ அமுக்கிட்டேன் போல" என்றார்.

அவர் தொட்டது சரியான இடத்தைத்தான். ஆனால் ஐகானை அவர் விரலே மறைத்துவிட்டது. கண்ணில் பட்டது கார்டின் நிறம் மட்டும். ஒரு பட்டனுக்குள் இன்னொரு பட்டன் வைக்கும் நாம் இதை மறக்கவே கூடாது: 'விரலை எடுத்தால் இதுதான் நடக்கும்' என்று பயனருக்குச் சொல்வது அந்த நிறம்தான்.

அந்தத் திரை வெப்வியூவில், அதாவது ஆப்புக்குள் இணையப் பக்கத்தைக் காட்டும் பகுதியில், ஓடியது. பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸில், அழுத்தியிருப்பதைக் குறிக்கும் ஆக்டிவ் நிலை உள்ளே இருக்கும் பட்டனோடு நிற்காது, அதைச் சுற்றியுள்ள பேரன்ட் எல்லாவற்றுக்கும் ஏறும். 'உள்ளே பட்டன் அழுத்தப்படாதபோது மட்டும்' என்று நாட் ('இல்லை'), ஹேஸ் ('உள்ளே இருக்கிறது') என்ற இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்துக் கார்டின் விதியை எழுதினால் போதும். ஹேஸ் எல்லா முக்கிய பிரவுசர்களுக்கும் வந்துசேர்ந்தது 2023 டிசம்பரில்தான். பழைய போன்களுக்கு ஜாவாஸ்கிரிப்ட்தான் வழி.

வெப்வியூ இல்லாமல் ஆண்ட்ராய்டிலேயே நேரடியாக எழுதிய திரையில் நிலைமை தலைகீழ். அங்கே அழுத்திய நிலை மேலிருந்து கீழே இறங்கும். தனியாக க்ளிக் ஆகக்கூடிய உள் பட்டனை அது தொடாது, மற்ற ஐகானும் எழுத்தும் கார்டோடு சேர்ந்து மாறும். அப்புறம் ஏன் உள் பட்டனும் மின்னுகிறது என்று கேட்டால், பெரும்பாலும் யாரோ டூப்ளிகேட் பேரன்ட் ஸ்டேட்டை ('பேரன்ட்டின் நிலையை அப்படியே எடுத்துக்கொள்' என்ற அமைப்பை) எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். இன்னொன்று: முடக்கிவைத்த பட்டனும் தொடுதலை விழுங்கிவிடும். அதன் மேல் தட்டினால் கார்டும் திறக்காது.

நான் அதிகம் பார்க்கும் பிழை வேறு. விரல் வைத்தபடி பட்டியலை நகர்த்தினால், ஸ்க்ரோல் தொடுதலைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டு, உள்ளே இருப்பதற்கு ஆக்‌ஷன் கேன்சல் ('இந்தத் தொடுதல் ரத்து' என்ற செய்தி) அனுப்பும். சொந்தமாக வியூ (திரையில் தெரியும் ஓர் உறுப்பு) எழுதுபவர்கள் டவுன் (விரல் வைத்தது), அப் (விரல் எடுத்தது) இரண்டை மட்டும் கவனித்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். கார்டு அழுத்தியபடியே உறைந்து நிற்கும். கை நடுங்கும் ஒருவருக்கு இது எவ்வளவு குழப்பம் என்று யோசித்துப் பாருங்கள்.

நிறம் தாமதமாக வருகிறதா? ஸ்க்ரோல் ஆகும் இடத்தில் 100 மில்லிசெகண்ட் காத்திருப்பது வேண்டுமென்றே வைத்தது. நகராத இடத்திலும் அப்படி என்றால், மேலே எங்காவது நீங்கள் எழுதிய வியூகுரூப் (மற்ற வியூக்களைத் தாங்கும் பெட்டி) இருக்கும். அதில் 'உள்ளே இருப்பதன் நிறத்தைத் தாமதிக்கவா?' என்று கேட்கும் ஷுட் டிலே சைல்ட் பிரெஸ்டு ஸ்டேட்டுக்கு ஃபால்ஸ் ('இல்லை') திருப்பி அனுப்புங்கள்.

அந்தக் குப்பைத்தொட்டியைச் சுற்றி 48 டிபி (ஆண்ட்ராய்டின் திரை அளவு அலகு) அகலத்துக்கு ஒரு வட்டம் வைத்தோம். இப்போது அழுத்தினால் விரலுக்கு வெளியேயும் அது தெரிகிறது. கார்டின் நிறம் மாறுவதில்லை.