மெல்லிசான டேப்தான் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு

இந்த மாதத்தில் என் ரிப்பேர் கடைக்கு உடைந்து வந்த ஐந்தாவது டேப் (டேப்லெட்) இது. நேற்றுக் காலை கடையைத் திறந்ததும் ஒரு கட்டட சூப்பர்வைசர் வந்தார். கையில், வாங்கி எட்டே மாதமான டேப். சைட்டுக்குப் போகும்போது பைக்கின் டேங்க் பையில் டேப்பையும் பிளான் சுருளையும் ஒன்றாகத் திணித்திருக்கிறார். மேஜையில் வைத்தால் ஒரு மூலை தூக்கிக்கொண்டு நிற்கிறது. படம் நன்றாகவே தெரிந்தது, கண்ணாடியில்தான் விரிசல். "கிளாஸ் மட்டும் மாத்திக் குடுங்கண்ணே" என்றார். முடியாது என்று சொல்ல எனக்கே மனசு வரவில்லை.

இப்படி மெல்லிசாக வரும் மாடல்களில் பெரும்பாலும் டச் கிளாஸும் டிஸ்ப்ளேவும் ஒட்டிய ஒரே துண்டு. எங்கள் கடைப் பேச்சில் காம்போ. ஒன்று போனால் இரண்டும் போன மாதிரிதான். நான் சொன்ன தொகை அந்த டேப்பின் விலையில் பாதியைத் தாண்டியது. ஐபேடிலேயே 9, 10ஆம் தலைமுறையில் கிளாஸ் தனி, டிஸ்ப்ளே தனி. நடுவில் இடைவெளி இருப்பதால் திரையில் எழுதும் பென்னின் முனைக்கும் கோட்டுக்கும் கொஞ்சம் தள்ளித் தெரிகிறது என்று சிலர் குறை சொல்வார்கள். உண்மைதான். ஆனால் உடைந்தால் கிளாஸை மட்டும் மாற்றிவிடலாம்.

"மெல்லிசா இருந்தாத்தான் புது மாடல், வேகமா இருக்கும்." வாரத்துக்கு நாலு பேராவது இதைச் சொல்கிறார்கள். 2024இல் வந்த 13 அங்குல ஐபேட் ப்ரோவின் தடிமன் வெறும் 5.1 மி.மீ. வேகமானதும்கூட. அந்த வேகம் உள்ளே இருக்கும் எம்4 சிப்பால் வருகிறது, தடிமனால் இல்லை. அதைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி மெல்லிசாக, 4 ஜிபி ராம் உள்ள ஒன்றை வாங்கினால் பெரிய பிளான் பைலைத் திறக்கவே திணறும். தோற்றம் ஒன்றுதான், வேலை ஒன்றில்லை. 2022இல் வந்த சாம்சங் டேப் ஆக்டிவ்4 ப்ரோ 10.2 மி.மீ. தடிமன், அதாவது இரண்டு மடங்கு. அந்தத் தடிமனுக்குள் கையால் கழற்றி மாற்றும் பேட்டரி, இயர்போன் துளை, மெமரி கார்டு இடம் எல்லாம் இருக்கின்றன. ஐபி68 என்பதால் தண்ணீருக்கும் தூசிக்கும் தாங்கும், பென்னும் பெட்டியிலேயே வருகிறது. சைட்டில் நிற்பவருக்கு இதுதானே வேண்டும்?

வாங்கப் போகுமுன் ஒரு வாரம் என்னென்ன வேலை செய்கிறீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பைலையே பென்டிரைவில் கொண்டுபோய், ஷோரூமில் திறந்து பாருங்கள். அவர்கள் ஓட்டிக்காட்டும் வீடியோவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வாசலுக்கு எடுத்துவந்து வெயிலில் திரை தெரிகிறதா என்று பாருங்கள். பென், கீபோர்டு தனி விலையா என்று கேளுங்கள், அதையும் கூட்டித்தான் விலை. கார்டு போட இடம் இல்லாத 64 ஜிபி மாடல் வேண்டவே வேண்டாம். அப்புறம், முதுகு கெட்டியான கவர் முதல் நாளே வாங்குங்கள், உடைந்த பிறகு இல்லை.

ஏற்கெனவே மெல்லிசானதை வாங்கிவிட்டீர்களா? சரி, பையில் சாப்பாட்டு டப்பாவுக்குக் கீழே மட்டும் வைக்காதீர்கள். முதுகு லேசாக உப்பினாலோ, டிஸ்ப்ளேயின் ஓரம் தூக்கினாலோ உள்ளே பேட்டரி வீங்கியிருக்கலாம். அமுக்கி ரப்பர் பேண்ட் போட்டு ஓட்டாதீர்கள், தயவுசெய்து. சார்ஜ் போடாமல், அணைத்து, அன்றைக்கே எடுத்து வாருங்கள்.