பேனாவைக் கீழே வைக்கத் தெரியாத டீம் லீடர்

அம்பத்தூர்ப் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலைக்குப் பயிற்சி கொடுக்கப் போயிருந்தேன். டிசைன் பிரிவில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்த ஒருவரை டீம் லீடர் ஆக்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. மேலாளர் என்னிடம் சொன்ன குறை ஒன்றுதான்: "ஆறு பேரு இருக்காங்க சார். ஆனா எல்லா வேலையும் இவர்கிட்டயே வந்து தேங்குது."

என்ன நடக்கிறது என்று உட்கார்ந்து பார்த்தேன். ஒரு ஜூனியர், துளை போடும்போது பாகத்தை அசையாமல் பிடித்துக்கொள்ளும் டிரில் ஃபிக்ஸ்சருக்கு டிராயிங் போட்டிருந்தார். கிளாம்ப் போல்ட் சும்மா நுழைந்து போகிற துளைக்கெல்லாம் ±0.01 மி.மீ. டாலரன்ஸ், அதாவது அளவு அவ்வளவுதான் கூடலாம், குறையலாம். அந்த இடத்துக்கு ±0.2 தாராளம். 0.01 என்றால் சாதாரண டிரில்லிங்கில் வராது, துளையைத் துல்லியமாக்கும் ரீமர் வேண்டும், சில சமயம் அதைவிட நுட்பமான ஜிக் போரிங் மெஷினுக்கே போக வேண்டும். பத்து நிமிஷ வேலை அரை நாள் இழுக்கும். லீடர் இதை ராத்திரி பதினொரு மணிக்கு வீட்டில் லேப்டாப்பில் பார்த்தார். தானே திருத்தினார், ரிலீஸும் செய்துவிட்டார். ஜூனியருக்குக் காலையில் அது தெரியக்கூட இல்லை. அடுத்த டிராயிங்கிலும் அதே 0.01 வந்தது. கேட்டதற்கு அவர் வெள்ளந்தியாகச் சொன்னார்: "எப்படியும் சார் பாத்துடுவாரு."

அந்த லீடரைத் திமிர் பிடித்தவர் என்றோ, யாரையும் நம்பாதவர் என்றோ சொல்ல மாட்டேன். பன்னிரண்டு வருஷமாகச் சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது "இன்றைக்கு இதை முடித்தேன்" என்று காட்ட அவரிடம் ஒரு டிராயிங் இருந்தது. லீடர் ஆனதும் நாள் முழுக்க மீட்டிங், மெயில், லீவு அப்ரூவல். ஏழு மணிக்குக் கையில் ஒன்றுமில்லை. அந்த வெறுமையைப் போக்கத்தான் பதினொரு மணிக்கு ஃபைலைத் திறக்கிறார். நானும் இப்படித் திறந்தவன்தான். எனக்குப் பதவி கிடைத்து எட்டு மாதம் கழித்துத்தான் பயிற்சியே கிடைத்தது, அதுவும் ஹோட்டலில் இரண்டு நாள். ஸ்லைடு எதுவும் நினைவில்லை, பஃபே நன்றாக இருந்தது.

நல்ல மேலாளர் எப்படி இருக்கிறார் என்று கூகுள் நிறுவனம் 2008 வாக்கில் தன் ஆட்களையே வைத்து ஆராய ஆரம்பித்தது. ப்ராஜெக்ட் ஆக்சிஜன் என்று பெயர். எட்டு குணங்கள் தேறின. முதலாவது, நல்ல பயிற்சியாளராக இருப்பது. இரண்டாவது, வேலையைக் கொடுத்துவிட்டுத் தொட்டதற்கெல்லாம் தலையிடாமல் இருப்பது. தொழில்நுட்பத் திறமைக்குக் கிடைத்தது எட்டாவது இடம். இஞ்சினியர்களே நிறைந்த கம்பெனியில் இப்படி! இதைச் சொன்னால் வகுப்பில் சிலருக்கு முகம் சுருங்கும். எட்டாவது என்றாலும் பட்டியலில் இருக்கிறதே, 0.01 தப்பு என்று தெரியாத லீடரால் என்ன கேள்வி கேட்க முடியும் என்று நானே சமாதானம் சொல்வேன்.

சரி, என்ன பயிற்சி? என் வகுப்பில் தவறுள்ள ஒரு டிராயிங்கை மேசையில் விரிப்பேன். ஒருவர் ஜூனியர், ஒருவர் லீடர். லீடரிடமிருந்து பேனாவை வாங்கிவிடுவேன். பத்து நிமிஷம் அவர் கேள்வி மட்டும்தான் கேட்கலாம். "இந்தத் துளையில என்ன வந்து உட்காரும்?", "இதை டூல்ரூம்ல எந்த மெஷின்ல போடுவாங்க?" மாதிரி. மூன்றாவது நிமிஷத்திலேயே கை பக்கத்து நாற்காலிக்காரரின் பேனாவைத் தேடும். இருபது வருஷ அனுபவக்காரர்களுக்குத்தான் இது ரொம்பக் கஷ்டம். பதில் நாக்கு நுனியில் நிற்கிறதே.

எல்லாத் தப்பையும் இப்படி விட முடியாது. பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, வாடிக்கையாளருக்குப் போகிற டிராயிங் என்றால் உடனே நிறுத்தித் திருத்த வேண்டியதுதான், அங்கே கேள்வி-பதில் விளையாட்டு கிடையாது. நம் டூல்ரூமுக்குள்ளேயே போய்ச் சில ஆயிரம் ரூபாயோடு முடிகிற தப்பு என்றால் ஜூனியரே கண்டுபிடிக்கட்டும். எது எந்த வகை என்று பிரித்துச் சொல்லும் பொறுப்பு லீடருடையது. புது லீடர்களை முதல் வாரமே இந்தப் பட்டியலை எழுதச் சொல்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. சிலருக்கு ஆள் நிர்வாகம் ஒத்துவராது, அது குற்றமும் இல்லை. மத்திய அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ-வில் சயின்டிஸ்ட் 'பி' கிரேடில் சேர்ந்தவர், மேலே இடம் காலியாகக் காத்திருக்காமல் தகுதியை வைத்தே அடுத்தடுத்த கிரேடுக்குப் போகலாம். நம் தனியார் தொழிற்சாலைகளில் பெரும்பாலும் சம்பளம் உயர ஒரே வழி, கீழே ஆட்களைக் கொடுப்பது. நல்ல டிசைனரை இழந்து சுமாரான மேலாளரைச் சம்பாதிக்கிறோம்.

அம்பத்தூர் லீடர் இரண்டு மாதம் கழித்துப் போன் செய்தார்.

"சார், நேத்து ராத்திரி பதினொரு மணிக்கு ஃபைலைத் திறந்துட்டேன்."

"அப்புறம்?"

"தப்பு இருந்துச்சு. காலைல அவனையே கூப்பிட்டுக் கேப்போம்னு மூடிட்டேன்."

"நல்லாத் தூங்கினீங்களா?"

"எங்க சார்..."