ஸ்கோர் என்று பெயர் வைத்தால் ஏன் பிழை?

1977-இல் வந்த கமடோர் பெட் கணினியில் 8 கிலோபைட் மாடலை ஆன் செய்தால், 7167 பைட் காலியாக இருப்பதாகத் திரையில் வரும். நீங்கள் எழுதும் புரோகிராம், அதன் எண்கள், சொற்கள் எல்லாமே அதற்குள்தான் அடங்க வேண்டும். யூனிகோடின் யுடிஎஃப்-8 வடிவில் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட் பிடிக்கும். இந்தக் கட்டுரையில் பாதிகூட அந்த மெமரியில் நிற்காது.

சரி, அந்தக் கணினியில் ஒரு சின்ன விளையாட்டு எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். புள்ளிகளைக் கணக்கு வைக்க ஒரு மாறி (மதிப்பைச் சேமிக்கும் பெயருள்ள இடம்) வேண்டும், அதற்கு ஸ்கோர் என்று பெயர் வைத்து 10 என்று மதிப்பு கொடுக்கிறீர்கள். ரன் செய்தால் சின்டாக்ஸ் எரர். எத்தனை முறை பார்த்தாலும் அந்த வரியில் தப்பே தெரியாது. டோட்டல் என்று மாற்றிப் பார்த்தாலும் அதே எரர்தான்.

இதற்கான பதில் 6,955 வரி நீளமுள்ள ஒரே ஒரு அசெம்பிளி ஃபைலில், அதாவது பிராசசரின் கட்டளைகளிலேயே நேரடியாக எழுதிய ஃபைலில், இருக்கிறது. 6502 என்ற பிராசசருக்காக பில் கேட்ஸும் ரிக் வைலண்டும் 1976-இல் எழுதிய பேசிக் இன்டர்பிரெட்டர் அது, அதாவது பேசிக் மொழியில் நீங்கள் எழுதும் புரோகிராமைப் படித்து ஓட்டும் மென்பொருள். கமடோர் 25,000 டாலரை மொத்தமாகக் கொடுத்து உரிமம் வாங்கியது இதற்குத்தான். 2025 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அதை எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டுவிட்டது. முதல் வரியிலேயே கம்பெனியின் பெயர் நடுவில் ஒரு சிறுகோட்டோடு 'மைக்ரோ-சாஃப்ட்' என்று இருக்கிறது, அவ்வளவு பழசு.

படிக்க முதலில் கஷ்டமாகத்தான் இருக்கும். எண்கள் பலவும் 0 முதல் 7 வரை மட்டுமே உள்ள எட்டடிமானத்தில் இருக்கின்றன, ஏனென்றால் இதை எழுதியது பிடிபி-10 என்ற பெரிய கணினியில், அதன் அசெம்பிளரில். ஆனால் கொஞ்சம் பழகிவிட்டால், ஒவ்வொரு பைட்டையும் எப்படி மிச்சம் பிடித்தார்கள் என்பதுதான் பக்கத்துக்குப் பக்கம் கண்ணில் படும்.

ஸ்கோருக்கு வருவோம். நீங்கள் பிரிண்ட் என்று 5 ஆங்கில எழுத்துகளைத் தட்டி என்டர் அழுத்தியதும், இன்டர்பிரெட்டர் அதை ஒரே பைட்டாகச் சுருக்கிவிடும். பெட்டில் அந்த எண் 153. சாதாரண எழுத்துகளுக்கு 127 வரை போதும் என்பதால் 128-லிருந்து மேலே உள்ள எண்களை கட்டளைகளுக்கு ஒதுக்கிவிட்டார்கள், இதைத்தான் டோக்கன் என்பார்கள். கட்டளைகளின் பட்டியலிலும் சிக்கனம்தான்: ஒரு சொல் எங்கே முடிகிறது என்று காட்டத் தனியாக ஒரு பைட் கிடையாது, ஒரு பைட்டில் 0 அல்லது 1 ஆக இருக்கும் 8 பிட்டுகள் உண்டு, கடைசி எழுத்தின் மேல் பிட்டை 1 ஆக்கினால் அதுவே முற்றுப்புள்ளி. சொற்களுக்கு நடுவே இடைவெளியும் தேவையில்லை, ஏனென்றால் இடைவெளி என்பது ஒரு பைட். எல்லாவற்றையும் ஒட்டி எழுதினாலும் அது புரிந்துகொள்ளும்.

வினை அங்கேதான். இடைவெளி கட்டாயமில்லை என்றால், சொல் எங்கே தொடங்குகிறது என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு எழுத்தாக நின்று, இங்கிருந்து ஏதாவது கட்டளை தொடங்குகிறதா என்று பட்டியலோடு ஒப்பிட வேண்டியதுதான். ஸ்கோரின் ஆங்கில எழுத்துகளில் எஸ், சி இரண்டும் தாண்டிவிடும்; அடுத்து ஓ, ஆர். அது 'அல்லது' என்று பொருள்படும் கட்டளை! உடனே டோக்கனாகிவிடும், மிச்சம் ஓர் ஈ மட்டும் தனியாக நிற்கும். டோட்டலில் முதல் இரண்டு எழுத்துகளே ஒரு கட்டளை. மாறியின் பெயர் எவ்வளவு நீளமாக இருந்தாலும் முதல் 2 எழுத்துகளை மட்டுமே கணக்கில் எடுக்கும் என்பது வேறு கதை, அதுவும் இதே சிக்கனம்தான்.

இந்த ஃபைலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் 24 பைட் நீளமுள்ள ஒரு துணுக்கு. அடுத்த எழுத்தை எடுத்துக் கொடுப்பதுதான் அதன் வேலை, புரோகிராம் ஓடும்போது இதைத்தான் ஓயாமல் கூப்பிட வேண்டியிருக்கும், அதனால் இதில் மிச்சப்படும் ஒவ்வொரு நொடித்துளியும் முக்கியம். இன்டர்பிரெட்டர் ரோமில் இருக்கிறது, ரோம் என்பது படிக்க மட்டுமே முடிகிற மெமரி, அதில் எதையும் மாற்ற முடியாது. ஆகவே கணினி ஆன் ஆனதும் இந்த 24 பைட்டை மட்டும், மாற்றி எழுத முடிகிற ராமின் முதல் 256 பைட்டுக்குள் நகலெடுத்து வைத்துவிடுகிறார்கள். எதற்கு? 'இந்த முகவரியில் இருப்பதை எடு' என்ற கட்டளைக்குள்ளேயே முகவரி 2 பைட்டாக உட்கார்ந்திருக்கும் அல்லவா, அந்த 2 பைட்டையே படிக்கும் இடத்தைக் காட்டும் சுட்டியாக வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு முறையும் தன் கட்டளையைத் தானே திருத்திக்கொண்டு ஓடும் கோட். இன்று யாராவது இப்படி எழுதினால் ரிவ்யூவில் திட்டு விழும், அன்றைக்கு இதுதான் வேகமான வழி.

அதன் வால் இன்னும் அழகு. எடுத்த எழுத்து ஓர் இலக்கமா என்று பார்க்க வேண்டும், ஆனால் எழுத்து கெடக் கூடாது. 0-வின் குறியீடு 48. முதலில் 48-ஐக் கழிக்கிறார்கள், அப்புறம் 208-ஐக் கழிக்கிறார்கள். கூட்டினால் 256, அதாவது 8 பிட்டில் ஒரு முழுச் சுற்று. எழுத்து பழைய மதிப்புக்கே திரும்பிவிடும். ஆனால் இலக்கமாக இருந்தால் மட்டும் இரண்டாவது கழித்தலில் கடன் வாங்க வேண்டி வரும், அது பிராசசரின் கேரி ஃப்ளாக் என்ற ஒற்றை பிட்டில் பதிந்துவிடும். கூப்பிட்டவர் அந்த ஃப்ளாகைப் பார்த்தால் போதும். முதல் முறை இது பிடிபடாமல் நான் பேப்பரில் போட்டுப் பார்த்தேன்.

இன்னொரு இடம். ஒரு கட்டளையில் மூடும் அடைப்புக்குறி, திறக்கும் அடைப்புக்குறி, காற்புள்ளி ஆகியவை இருக்கின்றனவா என்று பார்க்க மூன்று நுழைவாயில்கள். ஒவ்வொன்றும் அந்தந்தக் குறியை பிராசசருக்குள் இருக்கும் ஏ ரெஜிஸ்டர் என்ற சின்ன இடத்தில் போட்டுவிட்டு ஒரே பொதுவான சோதனைக்குப் போக வேண்டும். முறையாகச் செய்தால் நடுவில் ஒரு ஜம்ப், அது 3 பைட். இவர்கள் வைத்தது ஒரே ஒரு பைட், 44 என்ற எண். பிராசசர் அதை 'அடுத்த 2 பைட் காட்டும் முகவரியைச் சோதி' என்ற கட்டளையாகப் படிக்கும், அதாவது பின்னால் வரும் அடுத்த குறியை ஏற்றும் கட்டளையை வெறும் முகவரி என்று நினைத்து விழுங்கிவிட்டுப் போய்விடும். ஏ-யில் இருப்பதும் மாறாது. அப்படி விழுங்கும் முகவரிகளில் ஒன்று 10409. 8 கிலோபைட் பெட்டில் அங்கே மெமரியே கிடையாது, ஆனாலும் படித்தால் ஒன்றும் ஆகாது. மூன்று வாயில்களுக்கு மொத்தம் 4 பைட் லாபம். காற்புள்ளியின் குறியீடும் 44-தான், அது தற்செயல்.

எல்லாமே அழகு என்று சொல்ல மாட்டேன். ஒரு வரியிலிருந்து ஏற்கெனவே கடந்துவந்த வேறொரு வரிக்குத் தாவச் சொன்னால், புரோகிராமின் முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டு வரும். பயன்படாத சொற்களை மெமரியிலிருந்து ஒதுக்கும் வேலையோ இன்னும் மோசம், ஒரு சுற்று முழுக்கச் சுற்றி ஒரே ஒரு சொல்லைத்தான் நகர்த்தும்; சொற்கள் நிறைய இருந்தால் கணினி செத்துவிட்டதோ என்று நினைக்குமளவுக்கு உறைந்து நிற்கும். இடத்தை மிச்சம் பிடித்ததற்கு நேரத்தில் கொடுத்த விலை அது.

இப்படி 2 பைட்டுக்கும் 4 பைட்டுக்கும் அலைந்தவர்கள் ஓரிடத்தில் 10 பைட்டைத் தாராளமாகச் செலவழித்திருக்கிறார்கள். சைன் கணக்குக்கான எண்கள் வரிசையாக இருக்கின்றன, அவை முடிந்த இடத்தில் கணக்குக்குத் தேவையே இல்லாத 10 எண்கள். ஒவ்வொன்றிலும் கீழ் 3 பிட்டை 0 என்றால் 1, 1 என்றால் 0 என மாற்றிப் போட்டு, மேல் பிட்டை நீக்கிவிட்டு, கடைசியிலிருந்து முன்னோக்கிப் படித்தால் 'மைக்ரோசாஃப்ட்!' என்று ஆங்கிலத்தில் வரும், ஆச்சரியக்குறியோடு. பெட்டுக்காக அடுத்து வந்த ரோமில் வெயிட் 6502, 1 என்ற கட்டளையைத் தட்டினால் அது திரையில் தோன்றும். 1-க்குப் பதில் 10 போட்டால் பத்து முறை.

இதே கோடிலிருந்து பிறந்ததுதான் ஆப்பிள் 2 கணினியின் ஆப்பிள்சாஃப்ட் பேசிக். அதன் ரோமிலும் சைன் எண்களுக்குப் பின்னால் அதே 10 பைட் இருக்கிறது. அங்கே எந்தக் கட்டளையும் அதைத் தொடுவதே இல்லை.