விளக்கமா, மழுப்பலா?

செய்தி மேசையில் பல வருடம் தலைப்பு போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன். அரசியல் சார்புள்ள இணைய நாளிதழில் பொய்யைத் தேடினால் பல நேரம் கையில் ஒன்றும் சிக்காது.

ஒருமுறை நிதி குறைந்தது ஏன் என்று ஒரு அமைச்சர் ஐந்து நிமிடம் பேசினார், நான் "அமைச்சர் விளக்கம்" என்று தலைப்பு வைத்து ஏற்றிவிட்டேன். அரை மணி நேரத்தில் மேலே இருந்தவர் வந்து, "மழுப்பல்னு மாத்துங்க" என்றார். மாற்றினேன். உள்ளே ஒரு வரி மாறவில்லை, மேற்கோளும் அதேதான், ஆனால் கைபேசியில் தலைப்பை மட்டும் பார்த்து நகர்ந்தவருக்கு அமைச்சர் எதையோ மறைக்கிறார் என்றாகிவிட்டது. திருத்தியதாக ஒரு குறிப்புகூட இல்லை. பக்கத்தின் இணைய முகவரியில் மட்டும் பழைய தலைப்பு அப்படியே நின்றது. அதை மாற்றினால் ஏற்கெனவே பகிரப்பட்ட இணைப்புகள் உடையும் என்பதால் யாரும் தொடுவதில்லை. சந்தேகம் வந்தால் அங்கே ஒரு பார்வை பாருங்கள்.

அப்புறம், செய்தியை எங்கே வைக்கிறார்கள் என்பது. 2005இல் தொடங்கிய அமெரிக்காவின் ஹஃபிங்டன் போஸ்ட், இடதுபக்கம் சாய்ந்த தளம். 2015 ஜூலையில், டிரம்ப் அதிபர் தேர்தலில் வேட்பாளராக இறங்கியிருந்தபோது, அவர் பிரசாரச் செய்திகளை அரசியல் பகுதியில் போட மாட்டோம், பொழுதுபோக்குப் பகுதியில்தான் போடுவோம் என்று அறிவித்தே செய்தார்கள். டிசம்பரில் அதைக் கைவிட்டார்கள். அடுத்த ஆண்டு அவர் ஜெயித்தார். சொல்லிவிட்டுச் செய்ததை நான் பாராட்டுவேன், எங்கள் ஆட்கள் பலர் சொல்லாமலே செய்வார்கள். ஆனாலும் அங்கே பகுதியின் பெயராகப் போய் உட்கார்ந்தது ஆசிரியர் குழுவின் கருத்துதான்.

அதற்காகச் சார்பு இருந்தாலே குப்பை என்று ஒதுக்கவும் முடியாது. இதே தளம்தான் போரில் படுகாயமடைந்த அமெரிக்க வீரர்களின் வாழ்க்கையைப் பற்றிய தொடருக்காக 2012இல் அமெரிக்கப் பத்திரிகைத் துறையின் பெரிய விருதான புலிட்சர் பரிசு வாங்கியது.

இப்போது வாசகனாக எந்தச் செய்தியைத் திறந்தாலும், குற்றம் சாட்டப்பட்டவரின் மறுப்பு எத்தனையாவது பத்தியில் இருக்கிறது என்றுதான் முதலில் எண்ணுகிறேன். பத்தாவது பத்தியில், விளம்பரத்துக்கும் கீழே, "இதனை அவர் மறுத்துள்ளார்" என்று ஒற்றை வரி கிடந்தால் அது தானாக அங்கே போகவில்லை. மேசையில் யாரோ தள்ளியிருக்கிறார்கள். நானும் தள்ளியிருக்கிறேன்.