பேச்சுக் கொடுத்தால் நிற்கிறாரா?

கிளினிக்கில் எல்லோரும் நன்றாகத்தான் நடக்கிறார்கள். "கொஞ்சம் நடந்து காட்டுங்கள்" என்று சொன்னதுமே முதுகு நிமிர்ந்துவிடும், கை வீசும். பிசியோதெரபிஸ்டான என் முன்னால் அது பரீட்சை நடை. நண்பரோடு நாலு தெரு சும்மா சுற்றி வரும் நடைதான் நிஜம். அதனால் துணைக்கு வந்தவரிடம்தான் நான் அதிகம் விசாரிப்பேன்.

முதல் கேள்வி, "பேச்சுக் கொடுத்தால் நிற்கிறாரா?" 1997-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் முதியோர் குடியிருப்பில் 58 பேரிடம் இதைப் பார்த்து, 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். நடக்கும்போது பேச்சுக் கொடுத்ததும் 12 பேர் நின்றுவிட்டார்கள். அடுத்த ஆறு மாதத்துக்குள் அவர்களில் 10 பேர் கீழே விழுந்தார்கள். சின்ன ஆய்வுதான். ஆனால் காரணம் புரிகிறது: தானாக நடக்க வேண்டிய கால்களுக்கே கவனமெல்லாம் செலவானால், பதில் சொல்ல மிச்சம் ஏது? கதை சூடுபிடித்ததும் நடுத்தெருவில் நின்று கையை ஆட்டிப் பேசுகிறவர்கள் வேறு ரகம், அவர்களை விட்டுவிடுங்கள். "மணி என்ன?" என்பதற்கே நிற்கிறவரைத்தான் சொல்கிறேன்.

ஒருமுறை, முழங்கால் வலி என்று வந்தவரின் நண்பர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இவர் செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் போய்க்கொண்டே இருக்கிறார். நான்தான் எடுத்து வந்தேன்." எனக்குச் சிரிப்பு வரவில்லை. பல வருடச் சர்க்கரை நோயாளி அவர். கண்ணை மூடச் சொல்லி, தொடு உணர்ச்சி இருக்கிறதா என்று நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டேன். ஐந்தாறு இடம் தொட்ட பிறகு கேட்டார், "இன்னும் ஆரம்பிக்கலையா?" பெருவிரலுக்கு அடியில் ஒரு கொப்புளம் வேறு. அதுவும் அவருக்குத் தெரியாது.

நண்பர்கள் பார்க்கக்கூடியது இன்னும் உண்டு. ஒரு கை மட்டும் வீசாமல் தொங்குவது பார்க்கின்சன் என்ற நரம்பு நோயின் ஆரம்பமாக இருக்கலாம். தினமும் ஏறக்குறைய அதே தூரத்தில் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் விட்டுவிடுகிறது என்றால் ரத்த ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். அப்புறம், நெஞ்சை அழுத்துகிறது என்று சொன்னால் நடை அங்கேயே முடிந்தது. உட்கார வைத்து, உடனே ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

செருப்பு கழன்றது தெரியாத அந்த மனிதர் இப்போது பின்பட்டை வைத்த செருப்புதான் போடுகிறார். வீட்டு வாசலில் அதைக் கழற்றியதும் இரண்டு பாதங்களையும் புரட்டிப் பார்க்கும் வேலை நண்பருடையது.